தேவாலா தங்கக் குழிகள்: உள்ளே இறங்குகிறவரின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

கேள்வி, 9 பிப்ரவரி 2024

நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துத் தங்கச் சுரங்கங்களில் திருட்டுத்தனமாக இறங்கி ஆட்கள் சாகிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. குழிகளை மண் போட்டு மூடிவிட்டால் தீர்ந்துவிடாதா? அல்லது அரசே உரிமம் கொடுத்து முறையான சுரங்கம் திறந்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடுமா? ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 பிப்ரவரி 2024, இரவு 10.15

மூடினாலும் தீராது, திறந்தாலும் பாதுகாப்பு தானாக வராது. நான் பந்தலூர்க்காரி. என் அப்பா 1989-லிருந்து 2000 வரை, தேயிலை வேலை குறைகிற மாதங்களில் எல்லாம் அந்தக் குழிகளில் இறங்கியவர். 2009-ல் ஐம்பத்தாறு வயதில் இறந்தார். குழி இடிந்து இல்லை. வீட்டில், கட்டிலில், தலையணையை மடியில் வைத்து முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தபடி. படுத்தால் மூச்சு வராது என்பதால் கடைசி எட்டு மாதம் அவர் படுக்கவே இல்லை.

செய்தியில் வருகிறவர்கள் மண் சரிந்து செத்தவர்கள் மட்டும்தான். அப்பா மாதிரி ஆட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

9 பிப்ரவரி 2024, இரவு 11.05

மூடுவதைப் பற்றி. ஜேசிபி வந்து வாயை அடைத்துவிட்டுப் போகும். அடுத்த கோடையில் அதற்குப் பத்தடி தள்ளிப் புதுவாய் இருக்கும். பழைய வாயாவது பாறையைக் குடைந்தது, நூறு வருடத்துக்கு மேல் நின்றது. புதுவாய் வெறும் மண். மூடுவதால் சில சமயம் ஆபத்து கூடுகிறது என்று நான் சொன்னால் கோபப்படுவீர்கள், ஆனால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். திறந்து கிடந்தாலும் ஆபத்துதான். மாடு விழும், யானைக்குட்டி விழும். அதனால் மூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவதைத்தான் சொல்கிறேன்.

10 பிப்ரவரி 2024

"ஏன் இறங்குகிறார்கள், பேராசைதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பகுதியும் சேர்ந்த பழைய வயநாட்டின் தங்கத்தைப் பணியர், குறும்பர் பழங்குடிகள் ஓடை மணலில் அலசி எடுத்தது பழைய கதை. 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த பிரௌ ஸ்மித் என்பவரை இங்கே ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் அறிக்கையைத் தொடர்ந்து லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். தேவாலாவும் பந்தலூரும் அந்த வேகத்தில்தான் பெரிதாயின. சில வருடங்களில் எல்லாம் படுத்துவிட்டது. இயந்திரங்களில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். மலைக்குள் குடைந்த வழிகளை அப்படியே விட்டுப் போனார்கள்.

அப்புறம் நாங்கள் வந்தோம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். அப்பா 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே வந்தவர். எங்களைப் போன்ற சிலோன் குடும்பங்களுக்காகத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது, அதுதான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். அப்பாவுக்குத் தற்காலிக வேலை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை வெயிலில் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் பெயர் விழுகிற நாள், அதாவது கூலி கிடைக்கிற நாள், குறையும். குழியில் தண்ணீர் வற்றுவதும் அதே மாதங்களில்தான். அந்த மூன்று மாதம் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் அந்தக் குழியைத்தான் காட்ட வேண்டும்.

பேராசை என்ற சொல்லை அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு சாக்குக் கல்லை இடித்தால் பொட்டு வைக்கிற அளவுக்குத் தங்கம் வந்தாலே அன்றைக்குக் கொண்டாட்டம்.

10 பிப்ரவரி 2024, மாலை

யானையைப் பற்றி எழுதியதும் ஞாபகம் வந்தது. இருட்டோடு கிளம்பும்போது அம்மா யானைக்குப் பயப்படுவார். அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்: "அது குழிக்குள்ள வராது புள்ள. அதுக்குத்தான் தந்தம் இருக்கே, தங்கம் எதுக்கு?" இதைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

11 பிப்ரவரி 2024

உள்ளே எப்படி என்று கேட்டவர்களுக்கு. குனிந்து போகும் அளவுக்குத்தான் உயரம். முட்டுக்கட்டை அபூர்வம், இருந்தால் யூகலிப்டஸ் கம்பு. ஒருவர் உளியும் சுத்தியலும், ஒருவர் சாக்கு, ஒருவர் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்திதான் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. அணைந்தால் வெளியே வந்துவிட வேண்டும், எரிந்தால் பயமில்லை. அப்பா அப்படித்தான் பதினொரு வருடம் தப்பித்தார்.

15 பிப்ரவரி 2024

மேலே மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதியது பாதிதான் சரி. கோலார் தங்கவயல் குடும்பத்துக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பதறிப்போய் எனக்கு எழுதினார். அவர் சொன்னதையும் அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன். தயவுசெய்து என் முந்தைய குறிப்பை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

நாம் மூச்சு விடுகிற காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடம் ஆளுக்கு ஆகாது. மெழுகுவர்த்தி 16, 17 வரை எரிந்துகொண்டுதான் இருக்கும். அதாவது சுடர் அணைவதற்கு வெகு முன்பே ஆளின் புத்தி மந்தமாக ஆரம்பித்திருக்கும். "எரியுது, போலாம்" என்று அவர் சொல்கிற தீர்மானமே கெட்டுப்போன தீர்மானம்.

பழைய குழியில் காற்று கெடுவதற்கு வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. கல்லில் இருக்கும் கந்தகக் கனிமங்கள் (பொன் மாதிரி மினுக்கும் பைரைட்) காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அழுகும் மரமும் இழுக்கும். காற்றோட்டம் இல்லாத மூலையில் கரியமில வாயு தரையோடு தேங்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். இப்போதெல்லாம் தண்ணீர் இறைக்க சின்ன பெட்ரோல் மோட்டாரைக் குழிக்குள்ளேயே இறக்குகிறார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, வாசனையில்லை, அதன் நடுவில் மெழுகுவர்த்தி அழகாக எரியும். மோட்டார் வெளியேதான் இருக்க வேண்டும், குழாய் மட்டும்தான் உள்ளே போகலாம். இது ஒன்றுக்காவது யாராவது ஊரில் போய்ச் சொல்லுங்கள்.

15 பிப்ரவரி 2024, இரவு

மறந்துவிட்டேன். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் குதிக்கக் கூடாது. கழிவுத்தொட்டிச் சாவுகளில் நாம் பார்ப்பது இதுதான். அண்ணன் விழுவார், தம்பி இறங்குவார், தம்பியைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருந்தால் இறங்காமலே இழுக்கலாம். கயிறு இல்லையென்றால் தீயணைப்புத் துறையையும் 108-ஐயும் கூப்பிட வேண்டும். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

போலீஸ் வரும் என்ற பயத்தில் கூப்பிடுவதில்லை. இந்தப் பயத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

18 பிப்ரவரி 2024

அப்பாவின் நெஞ்சு பற்றி.

தங்கம் இருப்பது வெள்ளைக்கல்லில், அதாவது குவார்ட்ஸில். குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. உளியால் வெட்டும்போதும் உரலில் இடிக்கும்போதும் பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரிகிறதே, அது பெரிய ஆபத்து இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிச் சளியோடு வந்துவிடும். பத்து மைக்ரானுக்கும் குறைவான தூசி கண்ணுக்குத் தெரியாது, அதுதான் நுரையீரலின் அடிவரை போகும். அங்கே குப்பை அள்ளும் செல்கள் அதை விழுங்கப் பார்த்து, ஜீரணிக்க முடியாமல் அவையே செத்து, அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு காற்றை வாங்காது. சிலிக்கோசிஸ் என்பது இதுதான். குணமாக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் வளரும். காசநோயும் எளிதாகத் தொற்றும். 1997-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது.

அப்பா மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு போவார். அந்தத் துண்டின் இழைகளுக்கு நடுவில் அந்தத் தூசி நடந்தே போகும்.

2001-ல் இருமல் ஆரம்பித்தது. காசநோய் என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. குறையவில்லை. 2003-ல் மறுபடி ஆறு மாதம். அப்போதும் சளியில் கிருமி இல்லை. எத்தனை டாக்டர்கள், எத்தனை எக்ஸ்ரே. ஒருவர்கூட "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்த புள்ளிகளுக்குப் பெயர் கிடைத்திருக்கும்.

20 பிப்ரவரி 2024

கோலார்காரர் அனுப்பிய தகவல். 1940-களில் கோலார் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வில் 43.7 விழுக்காட்டினருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. திரும்பப் படித்துப் பார்த்தேன். நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கு மேல். அது திருட்டுக் குழி இல்லை. உரிமம் இருந்தது, மருத்துவமனை இருந்தது, 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் போன நம் ஆட்கள்.

கேள்வி கேட்டவருக்கு இதுதான் என் பதில். உரிமம் தூசியைப் பிடிக்காது. தண்ணீர் பிடிக்கும். பாறையை ஈரமாக்கித் துளையிட வேண்டும், வெடி வைத்தபின் தூசி அடங்கும்வரை ஆளை உள்ளே விடக் கூடாது, காற்றை விசிறியால் தள்ள வேண்டும், தூசியை மாதாமாதம் அளக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவாகும். அந்தச் செலவைச் செய்யவைக்க ஆய்வாளரும் சங்கமும் இருந்தால்தான் உரிமத்துக்கு அர்த்தம்.

20 பிப்ரவரி 2024

முகக்கவசம் பற்றிக் கேட்டவருக்கு: கொரோனா காலத்து நீலநிற முகமூடி போதாது. என்95 வகை, முகத்தோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும். நான் கூடலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். இருமல் மருந்து வாங்க வருகிற பையன்களின் நகக்கண்ணிலும் புருவத்திலும் வெள்ளையாக மாவு மாதிரி இருக்கும். எனக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு பாட்டிலோடு ஒரு கவசமும் வைத்துக் கொடுப்பேன். கல்லில் தண்ணீர் தெளித்து இடிக்கச் சொல்வேன். "ஈரமானா களி மாதிரி ஆயிடும் அக்கா, இடிக்க முடியாது" என்பார்கள். உண்மைதான். அம்மாவும் அதையேதான் சொல்வார்.

24 பிப்ரவரி 2024

"அம்மாவும்" என்று எழுதிவிட்டு நான்கு நாளாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை ஏதோ அப்பா மட்டும்தான் அந்த வேலை செய்தார் என்பது போல எழுதிவிட்டேன். அப்பா சாக்கைக் கொண்டுவந்து போடுவார். அதன் பிறகு எல்லாம் அம்மா. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான எங்கள் லைன் வீட்டு வாசலில் இரும்பு உரலில் இடிப்பது, அம்மியில் அரைப்பது, மரத்தட்டில் அலசுவது, தூசி படிந்த துணியை உதறித் துவைப்பது. அப்பாவின் உடம்பில் ஏறிய தூசி எங்கள் வீட்டுக்குள்ளும் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

கடைசியில் பாதரசம். அலசி மிச்சமான கறுப்பு மண்ணில் சில சொட்டு விட்டுக் கையால் பிசைந்தால் தங்கத் துகளை அது பிடித்துக்கொள்ளும். துணியில் பிழிந்தால் பட்டாணி அளவு வெள்ளி உருண்டை வரும். அதை ஒரு பழைய கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டுவார். பாதரசம் பறந்து தங்கம் மஞ்சளாகத் தெரியும் நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அடுப்பை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். மழைக்காலத்தில் கதவும் சாத்தியிருக்கும்.

24 பிப்ரவரி 2024, இரவு

"பாதரசத்தைக் கையால் தொடக் கூடாது" என்று கீழே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். தொடக் கூடாதுதான், ஆனால் பெரிய ஆபத்து அதில் இல்லை. ஆவியில் இருக்கிறது. பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும், அடுப்புத் தீக்கு அது எளிது. அந்த ஆவிக்கு நிறமும் வாசனையும் இல்லை. மூச்சில் உள்ளே போனதில் ஐந்தில் நான்கு பங்கு ரத்தத்தில் கலந்துவிடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, எரிச்சல், தூக்கமின்மை. கர்ப்பிணியின் மூச்சில் போனால் குழந்தைக்கும் போகும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா ஒப்பந்தம் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. 2013-ல் எழுதப்பட்டது, இந்தியா 2018-ல் ஏற்றது. சிறு தங்கச் சுரங்கங்களில் ஒழிக்க வேண்டியவை என்று அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஒன்று, குடியிருப்புகளில் இந்த உருண்டையைச் சுடுவது. எங்கள் அடுப்படியைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தாறு. டீயை டம்ளரில் முக்கால்தான் ஊற்றுவார். முழுதாக ஊற்றினால் கை ஆடிச் சிந்திவிடும்.

2 மார்ச் 2024

அம்மாவுக்கு ரத்தம், சிறுநீர் சோதித்துப் பார்க்கலாமே என்று அக்கறையோடு சொன்னவர்களுக்கு நன்றி. விசாரித்தேன். பாதரச ஆவிக்குச் சிறுநீர்ச் சோதனைதான் பார்ப்பார்கள். ஆனால் உடம்பில் ஏறியதில் பாதி இரண்டு மாதம் போல ஆனாலே வெளியேறிவிடும். அம்மா கடைசியாகக் கரண்டியை அடுப்பில் வைத்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இனி எந்தச் சோதனையிலும் அது தெரியாது. அப்பாவின் எக்ஸ்ரேயிலாவது தழும்பு தெரிந்தது, அம்மாவிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

கொடைக்கானல்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசக் கழிவு பாம்பார் சோலை வரை போனது தனிக்கதை. தொழிலாளர்கள் "எங்களுக்கு இந்த நோயெல்லாம் அங்கிருந்துதான்" என்று சொல்லிச் சொல்லி, 2016-ல்தான் 591 பேருக்கு உடன்பாடு வந்தது. பதினைந்து வருடம். அவர்களுக்குத் தொழிற்சாலை இருந்தது, அடையாள அட்டை இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது, சேர்ந்து நிற்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் அம்மாக்களுக்கு ஒரு கரண்டிதான் இருந்தது.

3 மார்ச் 2024

பாதரசம் இல்லாமல் எடுக்க முடியாதா என்றால், முடியும். பிலிப்பைன்ஸில் பெங்கெட் என்ற மலைப்பகுதியில் சிறு சுரங்கக்காரர்கள் பல காலமாக வெண்காரம் போட்டு உருக்கி எடுக்கிறார்கள். நம் ஊர்ப் பத்தர்கள் நகை உருக்கும்போது போடுகிற அதே வெண்காரம். நன்றாக அலசி, மண்ணைக் குறைத்து, சூட்டைக் கூட்டினால் போதும். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்தருக்குத் தெரியும், குழிக்காரருக்குத் தெரியாது, இரண்டு பேரும் ஒரே பஜாரில்தான் டீ குடித்தார்கள்.

இதை எழுதுவதால் திருட்டுச் சுரங்கத்தை நான் ஊக்குவிப்பதாக நினைக்க வேண்டாம். என் தம்பியை நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் விடவில்லை.

17 மார்ச் 2024

சட்டம் பற்றி. "திருட்டு வேலைக்குச் சட்டம் எப்படிப் பாதுகாப்புத் தரும்?" என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரோடு உட்கார்ந்து, 2024-ல் நடப்பில் இருந்த 1952-ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டத்தைப் படித்தேன்.

கனிமம் தேடவோ எடுக்கவோ தோண்டிய எந்தக் குழியும் சுரங்கம்தான் என்கிறது சட்டம். உரிமம் இருந்தால்தான் சுரங்கம் என்று அந்த வரியில் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் வேலை செய்யக் கூடாது. வேலைக்குச் சேரும்போதும் அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. 25-ஆம் பிரிவு எனக்குப் புதிது. சுரங்கத்தில் வேலை செய்கிற, அல்லது முன்பு செய்த ஒருவருக்கு சிலிக்கோசிஸ் போன்ற அறிவிக்கப்பட்ட நோய் இருப்பதாகத் தோன்றினால், பார்த்த மருத்துவர் தாமதிக்காமல் சுரங்கத் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அபராதம் ஐம்பது ரூபாய் வரை.

கடமைகள் எல்லாம் உரிமையாளர், முகவர், மேலாளர் தலையில். எங்கள் குழிக்கு உரிமையாளர் யார்? மோட்டாருக்கும் கயிறுக்கும் பணம் போடுகிறவர் ஊரில் இருப்பார். கல்லைப் பாதி விலைக்கு எடுப்பார். எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இருக்காது. பிடிபடுகிறவர் சாக்கு தூக்கியவர். அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தில் சிலிக்கோசிஸ் தொழில்நோயாக இருக்கத்தான் செய்தது. முதலாளி யாரென்று காட்டினால்தானே இழப்பீடு?

17 மார்ச் 2024, இரவு 11.50

ஒன்றைத் திருத்த வேண்டும். பிப்ரவரி 18-ஆம் தேதிக் குறிப்பில் "ஒருவர்கூட என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை" என்று எழுதியிருந்தேன். அது பொய்.

ஒருவர் கேட்டார். 2003-ல், இரண்டாவது முறை மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன். இளம் டாக்டர். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கல் உடைக்கிற வேலை ஏதாவது செஞ்சீங்களா?" என்று நேராகவே கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் "இல்லைங்க சார், தேயிலை மட்டும்தான்" என்றார்.

எனக்கு அப்போது இருபது வயது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்து லைனில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினால் அது போலீசுக்குப் போகும் என்று நாங்கள் நம்பினோம். டாக்டர் "சரி" என்று சொல்லிவிட்டுக் காசநோய் மாத்திரை எழுதினார்.

இருபது வருடமாக டாக்டர்கள் கேட்கவில்லை என்றே எல்லோரிடமும் சொல்லி, எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது. இந்த 25-ஆம் பிரிவைப் படித்தபோது அந்த ஜன்னல்தான் கண்ணில் நின்றது. அவர் எழுதத் தயாராக இருந்தார். நாங்கள்தான் விடவில்லை.

18 மார்ச் 2024

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "உங்கள் தப்பு இல்லை" என்கிறீர்கள். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். கேள்விக்கு வருகிறேன். குழியை மூடுவதா திறப்பதா என்று நான் இனி பேசப் போவதில்லை. டாக்டர் கேட்கும்போது பயமில்லாமல் பதில் சொல்ல முடியுமா, முடியாதா? எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். குழி எங்கே, யார் கூப்பிட்டார், எவ்வளவு எடுத்தாய் என்று மருத்துவமனையில் யாரும் கேட்கக் கூடாது. "எத்தனை வருடம் கல் தூசி?" என்பது மட்டும் போதும்.

ராஜஸ்தானில் இதைச் செய்கிறார்கள். அங்கே கல் குவாரிகளில் சிலிக்கோசிஸ் ஏராளம், பல பேருக்கு முதலாளி யாரென்று காட்டக் காகிதம் கிடையாது. 2019-ல் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. தொழிலாளி தானே பதிவு செய்யலாம். மருத்துவக் குழு நோயை உறுதி செய்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். முதலாளியைக் கொண்டுவா என்று நோயாளியிடம் கேட்பதில்லை. அங்கேயும் இழுத்தடிப்பு இருக்கும்தான். ஆனாலும் சீட்டு கிடைக்கிறது, சீட்டில் நோயின் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது ஏன் முடியாது?

9 ஜூன் 2024

மழை பிடித்துவிட்டது. வானிலைச் செய்தியில் தினமும் தேவாலா பெயர் வரும் காலம். குழிகளில் தண்ணீர். இனி யாரும் இறங்க முடியாது, தண்ணீர் வற்றும் வரை நிம்மதி. ஆனால் கோடையில் சேர்த்துவைத்த கல்லை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இடிக்கும் காலமும் இதுதான். கடையில் இருமல் மருந்து அதிகம் போகிறது.

23 ஜூன் 2024

ஒரு அரசு மருத்துவரிடம் பேசினேன். பெயரும் இடமும் வேண்டாம். அப்பா கதையைச் சொன்னேன். "கூட்டிட்டு வாங்க. நான் இடம் கேட்க மாட்டேன், தூசி மட்டும்தான் கேட்பேன்" என்றார். கடைக்கு வருகிற ஐந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் முகத்தில்கூட நம்பிக்கை இல்லை.

30 ஜூன் 2024

நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், திரும்பவில்லை.

மூன்று பேர் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு. நான்காவது பையனுக்கு இருபத்தெட்டு வயது, ஒன்பது கோடையாக இறங்குகிறான். மேல்பகுதியில் இரண்டு பக்கமும் புள்ளிகள். சளி அனுப்பியிருக்கிறார்கள், காசநோயும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க. கோயம்புத்தூரில் சி.டி. ஸ்கேன் எடுக்க டாக்டர் எழுதிக் கொடுத்தார். இனி தூசிப் பக்கம் போகவே கூடாது என்றார். அவன் "சரி சார்" என்றான். வீட்டில் இரண்டு குழந்தைகள் என்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் சீட்டில் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். "கல் தூசி, 9 வருடம்" என்று இருந்தது. தேயிலை என்று இல்லை.

வெளியே வந்ததும் அந்தப் பையன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் அடியில் செருகினான். "அக்கா, இத வீட்ல வச்சிருக்கலாமா, கிழிச்சுப் போட்ரவா?" என்று கேட்டான். கிழிக்காதே என்றேன். என் போனிலும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டேன். பந்தலூர் பஸ் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது, மழையும் விடவில்லை. மற்ற மூன்று பேரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.